டீச்சர் பதில்கள்: ஒரு தரம் படித்தால் போதாதா?

(முப்பது வருடத்துக்கு மேல் ஹட்டன் பக்கம் முன்பள்ளி நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: டீச்சர், நான் ஒரு தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். 2018இல் பிரதேச செயலகத்தில் நடந்த ஒருநாள் சிறுவர் பாதுகாப்புச் செயலமர்வுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். இங்கிலாந்தில் நர்சரியில் வேலை செய்யும் என் சித்தி மகள், "எங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பப் படிக்கணும்" என்கிறாள். இங்கே பெற்றோர் குழுத் தலைவரோ, "ஒரு தரம் படித்தது போதாதா? அதுக்காக முன்பள்ளியை மூடிட்டுப் போவீங்களா?" என்று கேட்கிறார். என்னுடன் ஓர் உதவி ஆசிரியையும், பிள்ளைகளுக்குச் சமைக்கும் ஓர் அக்காவும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. எத்தனை வருடத்துக்கு ஒரு முறை போக வேண்டும் என்று சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: தங்கச்சி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். 2018இல் மூன்று வயதில் உங்களிடம் வந்த பிள்ளை இப்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையே எழுதி முடித்திருக்கும். உங்கள் சான்றிதழும் அவ்வளவு பழசுதான்.

உங்கள் சித்தி மகள் சொன்னது சரி. இங்கிலாந்தில் ஐந்து வயது வரையான பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கென்று அரசாங்கம் ஒரு கட்டாய விதிமுறை வைத்திருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. இடையில் நடைமுறை ஏதாவது மாறினாலோ, அந்த இடத்திலேயே ஒரு பிள்ளையைப் பற்றிய கவலை எழுந்தாலோ, யாருக்காவது வருடாந்த மீட்டல் பயிற்சி தேவைப்படுமா என்று நிர்வாகத்தை யோசித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது அந்த நாட்டு விதி, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மறதி லண்டன் டீச்சருக்கும் தலவாக்கலை டீச்சருக்கும் ஒன்றுதான்.

மறதி என்று சும்மா சொல்லவில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

நான் முதன்முதலாகச் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனது 2004இல். ஒரு நாள் முழுக்க ஹட்டனில் இருந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த ஆறு வருடம் அந்தக் கொப்பி அலுமாரியில் கிடந்தது. 2010இல் ஒரு நாள், பிள்ளைகளைக் கைகழுவ வரிசையில் விட்டிருந்தபோது நாலு வயதுப் பிள்ளை ஒன்று, "மாமா இருந்தா நான் வீட்டுக்குப் போகல டீச்சர்" என்றது. எனக்குப் பகீர் என்றது. அங்கேயே, மற்றப் பிள்ளைகள் நிற்க, கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எந்த மாமா? அடிச்சாரா? எங்கே தொட்டார்? இங்கேயா? அது பேசாமல் நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிப்போக வந்த அம்மாயியிடம் விஷயத்தைச் சொல்லி, அவருக்கு முன்னாலும் அதே கேள்விகளைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு அம்மாயியின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து பிள்ளை வரவில்லை. பிறகு உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது அது வாயே திறக்கவில்லை.

அன்றிரவு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். "பிள்ளையின் வாயில் நாம் வார்த்தையைப் போடக் கூடாது. மற்றவர்களுக்கு முன்னால் கேட்கக் கூடாது. திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சிவப்புப் பேனையால் நானே கோடும் போட்டிருந்தேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது தப்பு. பயிற்சி இல்லாமல் செய்திருந்தால்கூட மனம் ஓரளவு ஆறியிருக்கும். படித்திருந்தும் கை நடுங்கிய நேரத்தில் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நல்ல பாடமாக இருந்தாலும் பழகிப் பார்க்காவிட்டால் அந்த நிமிடத்தில் உதவாது. அதனால்தான் இரண்டு வருடக் கணக்கை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

சரியான முறை இதுதான், நீங்களும் 2018இல் கேட்டிருப்பீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு அதன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். "சொல்லும்மா, டீச்சர் கேட்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் "பிறகு?" என்று மட்டும் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லுங்கள். அதே நாள், பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே, கொச்சையாக இருந்தாலும் அப்படியே, திகதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்து வையுங்கள். சந்தேகப்படும் ஆளிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள், காசு இல்லை, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பொலிஸுக்குப் போக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

இதைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பழகிப் பார்க்க வேண்டும். ஒருவர் பிள்ளையாக உட்கார்ந்து, மற்றவர் டீச்சராகக் குனிந்து, வாயைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும், நம் மலையகத்துக்கென்றே சொல்கிறேன். தோட்டத்தில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் வருகிற வார்த்தை என்ன? "வெளியில போக வேணாம், நமக்குள்ளயே பேசி முடிச்சுக்குவோம்." நான் வேலை தொடங்கிய காலத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையே கிடையாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால்தான் அது வந்தது. அதற்கு முன் கணக்கப்பிள்ளையிடமோ கோவில் கமிட்டியிடமோ சொல்வோம். அவர்கள் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு வைத்துப் பேசி, ஒரு மன்னிப்போடு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை அதே லயத்தில், அதே ஆளுக்கு மூன்று காம்பரா தள்ளி, தொடர்ந்து வாழும். இன்றும் சில இடங்களில் அப்படித்தான். தலைவரோ, சொந்தக்காரரோ, பெரிய மனிதர்களோ வந்து நின்று "டீச்சர், ஒரு குடும்பத்துக் கௌரவம்" என்று சொல்லும்போது, மரியாதை குறையாமல் "இல்லைங்க, இது நான் முடிவு பண்ற விஷயம் இல்ல, அறிவிச்சே ஆகணும்" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது ஒரே நாள் செயலமர்வில் வந்துவிடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மற்ற டீச்சர்மாரோடு உட்கார்ந்து, அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று கேட்கும்போதுதான் வரும்.

இன்னும் ஒன்று. 2018க்குப் பிறகு என்னவெல்லாம் மாறிவிட்டது என்று பாருங்கள். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஃபோன் வந்தது. இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளை யூடியூபைத் தானே திறக்கிறது. நாமும் கலைவிழாப் படங்களை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம், அது எங்கெங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை அம்மாமார் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள் என்று உங்கள் இடாப்பைத் திறந்தாலே தெரியும். அந்தப் பிள்ளைகள் அப்பாயியிடமும் அம்மாயியிடமும் சித்தி வீட்டிலும் வளர்கின்றன. பார்த்துக்கொள்ளும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மண்சரிவுக்குப் பயந்து குடும்பம் குடும்பமாகப் பாடசாலைகளிலும் கோவில்களிலும் தங்கினார்கள். ஒரே மண்டபத்தில் தெரியாத ஆட்களோடு பிள்ளைகள் தூங்கினால் யார் கவனிப்பது, இரவில் கழிவறைக்கு யார் கூட்டிப்போவது? 2004இல் எனக்குப் படிப்பித்தவர்கள் இதில் ஒன்றைக்கூடப் பேசவில்லை. உங்கள் 2018 செயலமர்வும் புயல் முகாமைப் பற்றிப் பேசியிருக்காது.

சமையல் அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரை விட்டுவிடாதீர்கள். நம்மிடம் சொல்லாததைப் பிள்ளைகள் அடுப்படியில் நின்று சொல்லும். டீச்சர் என்றால் பயம் கொஞ்சம் இருக்கும், சோறு போடுகிறவரிடம் அது கிடையாது. காலையில் வந்தவுடனே இரண்டு தட்டு சாப்பிடுகிற பிள்ளை யார், வெள்ளிக்கிழமை வந்தால் சிடுசிடுக்கும் பிள்ளை யார் என்று அவருக்குத்தான் தெரியும். உதவி ஆசிரியை, சமைப்பவர், கூட்டுபவர், பிள்ளைகளை ஏற்றிவரும் வான்காரர், வாரத்தில் ஒரு நாள் நடனம் சொல்லித்தர வருகிறவர் என்று பிள்ளைக்குப் பக்கத்தில் வருகிற எல்லாரும் பயிற்சியில் உட்கார வேண்டும். புதிதாகச் சேர்கிறவர் அடுத்த செயலமர்வு வரும்வரை காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளோடு தனியாக விடுவதற்கு முன்பே நீங்கள் உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம், இரண்டு வருடத்துக்கு இடையில் சும்மா இருக்க வேண்டாம். 2010க்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மாதத்தின் கடைசி வெள்ளி, பிள்ளைகள் போன பிறகு, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு இருபது நிமிடம் மூன்று பேரும் உட்காருவோம். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம். ஒரு மாதம், பழக்கமில்லாத ஆள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால் என்ன செய்வது. ஒரு மாதம், காயங்கள். ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்கால், கணுக்கால், நெற்றியில் அடிபடுவது வழக்கம். காது, கழுத்து, மேற்கையின் உள்பக்கம், முதுகு, பின்புறம் என்று விழுந்தால் சாதாரணமாக அடிபடாத இடங்களில் கன்றியிருந்தால் எழுதி வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே நீல நிறத்தில் படை போல இருக்கும், அதைக் கன்றல் என்று நினைத்து யார் மேலும் பழி போட்டுவிடக் கூடாது. சேர்க்கும்போதே பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. அட்டை கடித்த தழும்பும் அடுப்புச் சூடும் எப்படி இருக்கும் என்று எங்கள் சமையல் அக்காதான் எனக்குச் சொல்லித் தந்தார்.

இனிக் குழுத் தலைவர் விஷயம். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. அம்மாமார் காலையில் கொழுந்துக்குப் போக வேண்டும். முன்பள்ளி மூடினால் பிள்ளையை எங்கே விடுவது? பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைப்பார்கள், அது வேறொரு கெடுதல். அதனால் நீங்கள் கீழே இறங்கிப் போக வேண்டாம், பயிற்சி தருகிறவர்களை மேலே கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்து நாலைந்து முன்பள்ளிகள், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு இடத்தில்) வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் கடிதம் எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் தோட்டத்திலேயே நடத்தித் தாருங்கள், தமிழில் நடத்துங்கள் என்று கேளுங்கள். தமிழில் என்பதை மறக்காமல் எழுதுங்கள். சிங்களத்தில் நடந்து யாரோ ஒருவர் இடையிடையே மொழிபெயர்த்த செயலமர்வுகளில் நானும் இருந்திருக்கிறேன். பாதிதான் புரிந்தது, புரியாத பாதியில்தான் முக்கியமானது இருந்தது. ஒரு தரம் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். தலைவரையும் அந்தச் சனிக்கிழமை வந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு தரம் உட்கார்ந்து கேட்ட பிறகு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்ட தலைவரை நான் பார்த்ததில்லை.

சுவரில் இருக்கும் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். யார் யார், எந்தத் திகதியில் பயிற்சி எடுத்தார்கள், அடுத்தது எப்போது. அதற்குக் கீழே 1929 என்று பெரிதாக.

கேள்வி: முதலுதவிப் பயிற்சிக்கும் இதே கணக்குத்தானா? எங்கள் முன்பள்ளியில் ஒரு டீச்சர் மட்டும் எப்போதோ படித்திருக்கிறார்.
– ஒரு வாசகி, பூண்டுலோயா

பதில்: இங்கிலாந்தில் சிறுபிள்ளை முதலுதவிக்கு மூன்று வருடம். அந்தப் பயிற்சி உள்ள ஒருவராவது எந்த நேரமும் இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிடும்போது அப்படி ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும் என்பது அங்கே புதிதாக வந்தது. அதை நாம் இன்றைக்கே பின்பற்றலாம். கச்சான், ரம்புட்டான் கொட்டை, முழுத் திராட்சை தொண்டையில் சிக்கினால் நமக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் தோட்டத்துப் பாதையில் ஏறி வர நேரம் எடுக்கும். அதுவரை பிள்ளை நம் கையில். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்திடமோ சென் ஜோன்ஸ் அம்புலன்ஸிடமோ கேட்டுப் பாருங்கள். ஒரு டீச்சர் மட்டும் படித்திருந்தால் போதாது, அவருக்குக் காய்ச்சல் வருகிற நாளை யோசியுங்கள்.

கேள்வி: ஜனவரியில் மகனை முன்பள்ளியில் சேர்க்கப் போகிறேன். ஆசிரியைகள் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி எடுத்தார்களா என்று கேட்டால் தவறாக நினைப்பார்களோ?
– ஒரு தந்தை, பண்டாரவளை

பதில்: கேளுங்கள் தம்பி. "கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள், "எடுத்தீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும். அப்புறம், "என் பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால் நான் யாரிடம் சொல்வது, நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியை உடனே ஓர் ஆளைச் சொல்வார். முன்பள்ளியில் கையை ஓங்குவார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள். "செல்லமா ஒரு தட்டு" என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள். நான் நடத்திய காலத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்ட அப்பாமார் இரண்டு பேர்தான். இரண்டு பேரையும் எனக்கு இன்னும் முகம் ஞாபகம்.

கேள்வி: என் மகள் குவைத்தில். பேத்தியை நான்தான் பார்க்கிறேன். முன்பள்ளி டீச்சர், பிள்ளையைக் கூட்டிப்போக யார் யார் வரலாம் என்று பெயரும் ஃபோன் நம்பரும் எழுதித் தரச் சொல்கிறார். இரண்டு நாள் பிள்ளை போகாவிட்டால் ஃபோன் எடுத்து விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "உங்கள நம்பாமத்தான் இதெல்லாம்" என்கிறார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.
– ஓர் அம்மாயி, மஸ்கெலியா

பதில்: அம்மா, மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம். அந்த டீச்சர் பயிற்சியை மறக்காதவர். ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களின் நம்பர் வேண்டும், சொல்லாமல் வராவிட்டால் தேடிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் நல்ல முன்பள்ளி செய்கிற வேலை. உங்களை நம்பாமல் செய்வது இல்லை. உங்களுக்கு ஒரு நாள் முடியாமல் போனால், மழையில் பாதை சரிந்து நீங்கள் வரத் தாமதமானால், உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்து நின்றாலும் பிள்ளையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இரண்டு பெயர் கொடுங்கள், நீங்கள் முழுதாக நம்புகிற ஆட்கள் மட்டும். வீட்டில் புதிதாக யாராவது வந்து தங்கினால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகளின் வட்ஸ்அப் நம்பரையும் கொடுத்து, அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். காலை எட்டு மணிக்கு டீச்சர் அழைத்தால் மகள் அப்போது தூக்கத்தில் இருப்பார்.